பீடத்துணிச் சனிக்கிழமைகள்

சனிக்கிழமை பின்னேரம் ஆனால் ஆனந்தராஜா தன் லோன்றிச் சலவைக் கடையின் கண்ணாடிக் கதவைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். காலையில் கடை திறந்தபோது துடைத்த அதே கதவுதான். பக்கத்துப் பலசரக்குக் கடை இராசரத்தினம் வாசலில் நின்று சிகரெட் பிடித்தபடி இதை ரசித்துக்கொண்டிருப்பார்.

“துடையும், துடையும். இன்னும் இரண்டு வருஷத்தில கண்ணாடி தேஞ்சு போயிடும். பிறகு ஆக்கள் கதவு திறக்காமலே உள்ளுக்கு வரலாம்.”

“உங்களுக்குக் கடையில வேலை இல்லையோ, ரத்தினண்ணை?”

“இருக்கு. ஆனா இது நல்ல படமாக் கிடக்கு.”

அதற்குள் தெருமுனையில் பெர்னடெற் வருவது தெரியும். தோளில் ஒரு நீலப் பை, கழுத்தைச் சுற்றிய சாம்பல் நிறச் சால்வை, குனிந்த தலை. இராசரத்தினம் சிகரெட்டை அணைத்துவிட்டு மரியாதையாக உள்ளே போய்விடுவார். கேலிக்கும் ஓர் எல்லை வைத்திருந்தார் அந்த மனிதர்.

கிங்ஸ்பரியில் அந்த லோன்றியை ஆனந்தராஜா வாங்கி நான்கு வருடமாகிறது. அதற்கு முன் பாரிசில் ஓட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவினார். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததும், அக்காமார் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்த கையோடு, மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டார். தனக்கென்று ஒரு கலியாணத்தைப் பற்றி நினைக்க நேரம் கிடைத்தபோது தலை பாதி நரைத்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவார். மற்ற நாட்களில் மெஷின்கள், ட்ரையர்கள், சில்லறை மாற்றிக் கொடுப்பது. அவ்வளவுதான் வாழ்க்கை என்று அவரும் ஒருவாறு ஒத்துக்கொண்டிருந்த வேளையில்தான் அவள் வந்து அந்த விசித்திரமான கேள்வியைக் கேட்டாள்.

“அண்ணை, உங்கட கடைக்குப் பின்னால மண் இருக்கோ?”

“மண்ணோ?”

அவள் விளக்கிச் சொன்னாள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். இங்குள்ள பங்குக் கோயிலில் பூசை மேடையில் விரிக்கும் பீடத்துணிகளைத் துவைக்கிற பொறுப்பை ஏற்றிருக்கிறாள். அவள் வாடகைக்கு இருக்கும் அறையில் துவைக்க வசதி இல்லை. துணிகளை மெஷினில் போடலாம். ஆனால் பூசையில் நற்கருணை அப்பமும் இரசமும் பட்ட சின்னத் துணிகளை மட்டும் முதலில் கையால் அலச வேண்டும். அந்த முதல் தண்ணீர் சாக்கடைக்குள் போகக் கூடாது. மண்ணில்தான் ஊற்ற வேண்டும். அது அவர்களுடைய வழக்கம்.

கடைக்குப் பின்னால் இருந்தது முழுக்கச் சீமெந்து முற்றம். ஆனந்தராஜா அதைச் சொல்லவில்லை.

“அடுத்த கிழமை வாங்கோ. இருக்கும்.”

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது முற்றத்தின் மூலையில் ஒரு கதவளவு சீமெந்து உடைத்து எடுக்கப்பட்டிருந்தது. கீழே கறுப்பு மண். அவள் அதையும் பார்த்தாள், அவருடைய உள்ளங்கையில் சுற்றியிருந்த துணிக்கட்டையும் பார்த்தாள். சின்னத் துணிகளை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரை மண்ணில் மெல்ல ஊற்றினாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடச் சனிக்கிழமைகள். துணி மெஷினில் சுழல்கிற நேரம் முழுவதும் அவள் நீள வாங்குப் பலகையில் இருப்பாள். அவர் தேநீர் கொடுப்பார். விலைவாசி, குளிர், அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் பிள்ளைகள் செய்யும் கூத்து. இவ்வளவும் கதைப்பார்கள். இடையில் ஒருநாள் தன் புருஷனைப் பற்றியும் சொன்னாள். செபமாலைமுத்து என்று பெயர். தொண்ணூற்றாறில் பேசாலைக் கரையிலிருந்து படகேறி இராமேசுவரத்துக்குப் புறப்பட்டவர். படகு போய்ச் சேரவில்லை. திரும்பி வரவுமில்லை.

ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அவள் ‘அண்ணை’ போடுவாள். எங்கள் பெண்கள் கொஞ்சம் மூத்த எந்த ஆம்பிளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் ஆனந்தராஜாவுக்கு அது ஒவ்வொரு தடவையும் கதவடைப்பது போலக் கேட்டது. அவர் மட்டும் ஒருநாளும் அவளைத் தங்கச்சி என்று சொன்னதில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வசந்தத்தில் இராசரத்தினம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பத்திரிகையைக் கொண்டுவந்து மெஷின் மேல் விரித்தார்.

“பாத்தீரோ? தண்ணிக் கம்பனி விலையைக் கூட்டப்போகுதாம். கொஞ்சநஞ்சமில்லை. எனக்கென்ன, நான் கத்தரிக்காய் கழுவிற தண்ணிதான். நீர் தண்ணியை வித்துச் சீவிக்கிற ஆள்.”

ஆனந்தராஜாவுக்கு முகம் விழுந்துவிட்டது. கடையின் லீஸ் அந்த டிசம்பர் நத்தாரோடு முடிகிறது. புதுப்பிப்பதா, விடுவதா என்று அதற்கு முன் கட்டடச் சொந்தக்காரருக்குச் சொல்லவேண்டும். கம்பனி கேட்கிற விலை வந்தால் கடை தாங்காது. துவைக்கிற விலையை அவ்வளவுக்கு ஏற்றினால் வருகிற சனமும் வராது. பாரிசிலிருந்து தம்பி ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான்: “வித்துப்போட்டு வாங்கோ அண்ணை, இஞ்ச சேர்ந்து ஒரு கடை போடுவம்.” வித்துப்போட்டுப் போகலாம்தான். போனால் சனிக்கிழமை பின்னேரம் பாரிசில் எந்தக் கதவைத் துடைப்பது?

“அவங்கள் நினைச்சபடி கூட்ட ஏலுமோ?” என்று கேட்டார்.

“ஏலாது. அதுக்குத்தானே கூட்டம் வைக்கினம்.”

இந்த நாட்டில் தண்ணீர் தனியார் கம்பனியின் கையில். அரிசி விலை பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். குழாய்க்கு அடுத்த கடை கிடையாது. அதனால் கம்பனி தன் பாட்டுக்கு விலை வைக்க முடியாதபடி ஒரு கண்காணிப்பு அலுவலகத்தை அரசாங்கம் வைத்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கம்பனி அதனிடம் போய், இன்னின்ன செலவு இருக்கிறது, இவ்வளவு கூட்ட விடுங்கள் என்று கேட்க வேண்டும். அலுவலகம் வெட்டும், குறைக்கும், சிலதை ஒத்துக்கொள்ளும். அதற்கு முன் பாவனையாளர்களின் பக்கத்தைக் கேட்க ஒரு குழு கூட்டம் வைக்கும். இந்தத் தடவை ஹரோவில் ஒரு மண்டபத்தில். யாரும் வரலாம், யாரும் பேசலாம்.

“நீர்தான் பேசவேணும்,” என்றார் இராசரத்தினம். “லோன்றிக்காரன் கஷ்டத்தைச் சொன்னாத்தான் அவைக்கு உறைக்கும். நான் என்ர கடை வானில ஏத்திக்கொண்டு போறன்.”

வாங்கில் இருந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெர்னடெற் நிமிர்ந்தாள். “நானும் வாறன் அண்ணை,” என்றாள்.

*

மண்டபத்தில் முன்னால் ஒரு நீள மேசை. வெள்ளை விரிப்பு, ஒலிவாங்கி, கண்ணாடிக் குடுவைகளில் தண்ணீர்.

“உதுக்கும் பில் வருமோ?” என்று இராசரத்தினம் காதுக்குள் கேட்டார். ஆனந்தராஜா சிரிக்கவில்லை. அவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“உதுக்குள்ள என்ன?”

“பாஸ்போட். லீஸ். வரி கட்டின ரசீதுகள்.”

“உம்மை நாடு கடத்தவே கூப்பிட்டவை?”

கம்பனி சார்பில் வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நிலத்துக்கடியில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட குழாய்கள் இருக்கின்றன, ஒழுகுகின்றன, மாற்ற வேண்டும், மாற்றப் பணம் வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார். குழுவின் தலைவி, கண்ணாடி போட்ட வயதான ஆங்கிலேய அம்மா, ஒழுகுகிற தண்ணீருக்கு இத்தனை நாளும் விலை கொடுத்தது யார் என்று கேட்டார். பின்வரிசையில் கைதட்டினார்கள். பிறகு சபையைப் பார்த்து, சிறுவியாபாரிகள் யாராவது பேச விரும்புகிறார்களா என்றார். இராசரத்தினம் ஆனந்தராஜாவின் விலாவில் இடித்தார்.

ஆனந்தராஜா எழும்பினார்.

“உங்கள் பெயர், முகவரி சொல்ல முடியுமா?” என்று தலைவி கேட்டார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. மேசை, மேசைக்குப் பின்னால் நான்கு முகங்கள், ஒருவர் கையில் பேனா, பெயர், முகவரி. ஆனந்தராஜா பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்தார். பாரிசுக்கு முன்னால், அகதியாகப் போய் இறங்கிய முதல் நாட்டில், இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் அவர் இருந்திருக்கிறார். ஊரில் என்ன கஷ்டம் என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பொடியன். குண்டு விழுந்ததைச் சொன்னான், அதோடு சாப்பாட்டுக்குக் காசில்லாமல் இருந்ததையும் சொன்னான். அப்படியானால் நீ உழைக்க வந்தவன் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்குப் படித்த பாடம் அவர் எலும்புக்குள் ஏறியிருந்தது. மேசைக்காரருக்குக் காசுக் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது.

“புதிய விலை உங்கள் தொழிலைப் பாதிக்குமா?” என்றார் தலைவி.

“இல்லை அம்மா,” என்றார் ஆனந்தராஜா ஆங்கிலத்தில். “எனக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. எல்லாம் நல்லபடி இருக்கிறது. நன்றி.”

சொல்லிவிட்டு நாற்காலியில் இருந்துவிட்டார். இராசரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். மேசையில் பேனா ஏதோ எழுதியது. கம்பனிக்காரர் மெல்லத் தலையாட்டினார்.

அப்போது பக்கத்து நாற்காலி அசைந்தது. பெர்னடெற் எழுந்து நின்றாள். சால்வையை இழுத்துச் சரிசெய்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் பழகிய, தட்டுத்தடங்கல் இருந்தாலும் பயமில்லாத ஆங்கிலம்.

“மிஸ்டர் ஆனந்தராஜா இப்போது பொய் சொல்லிவிட்டார்,” என்றாள்.

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“அவருக்குக் கஷ்டம் இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டார். வீட்டில் மெஷின் வைக்க இடமில்லாதவர்கள்தான் லோன்றிக்கு வருகிறோம். ஓர் அறையில் இருக்கிறவர்கள், இரவு வேலை முடித்து வருகிறவர்கள், கிழவிகள். நீங்கள் விலையைக் கூட்டினால் அவர் எங்களிடம் அதைக் கேட்க வேண்டும். மிஸ்டர் ஆனந்தராஜா கேட்க மாட்டார். பேசாமல் கடையை மூடிவிட்டுப் போய்விடுவார்.”

“அப்படி எப்படிச் சொல்கிறீர்கள்?” என்றார் தலைவி. கேலியாக இல்லை, அறிய விரும்பித்தான் கேட்டார்.

“மூன்று வருடமாக அவரைப் பார்க்கிறேன்.”

பிறகு கோயில் துணிகளைப் பற்றிச் சொன்னாள். கோயிலில் துவைக்க வசதியில்லையா என்று தலைவி கேட்க, “குளிர்தண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கிறது, அதுவும் சில நாள்தான் வேலை செய்யும்” என்றாள். மறுபடியும் சிரிப்பு. உள்ளூர்ப் பத்திரிகைக்காரி ஒருத்தி வேகவேகமாக எழுதிக்கொண்டாள்.

ஆனந்தராஜாவுக்கு இதெல்லாம் தூரத்தில் எங்கோ கேட்டது. அவர் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் அண்ணை போட முடியாது. அவளுடைய வாயிலிருந்து அவர் பெயர் வந்துவிட்டது. இரண்டு தடவை.

திரும்பி வரும்போது வானின் முன் இருக்கையில் மூன்று பேரும் நெருக்கியிருந்தார்கள். வழியில் கென்ரன் தாண்டியது.

“கோவமோ அண்ணை?” என்றாள் அவள். “சபையில பொய் எண்டு சொல்லிப்போட்டன்.”

“இல்லை. உண்மைதானே.”

“அவர் ஒருநாளும் கோவிக்க மாட்டார்,” என்றார் இராசரத்தினம் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. “அதுதான் அவரிட்ட உள்ள வருத்தம், மருந்தில்லாத வருத்தம்.”

*

டிசம்பர் தொடக்கத்தில் முடிவு வந்தது. கம்பனி கேட்டதைக் கண்காணிப்பு அலுவலகம் நன்றாக வெட்டியிருந்தது. உயர்வு இருந்தது, ஆனால் கழுத்தை நெரிக்கிற உயர்வு இல்லை. ஒரு மெஷினுக்குச் சின்னச் சில்லறை கூட்டினால் கடை நிற்கும். அவளுடைய பேச்சால்தான் இது நடந்தது என்று சொல்ல முடியாது. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் பேசியிருப்பார்கள். ஆனால் ஆனந்தராஜா அப்படித்தான் நம்பினார். நம்பிய சூட்டோடு கட்டடச் சொந்தக்காரரிடம் போய்ப் புதிய லீஸில் கையெழுத்து வைத்தார்.

“பத்து வருஷமோ?” இராசரத்தினம் வாயைப் பிளந்தார். “அஞ்சு கேட்டிருக்கலாமே, விசரோ உமக்கு?”

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை அவள் வந்தாள். தோளில் பை இல்லை. ஆனந்தராஜா கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார்.

“பை எங்கை?”

“அதைச் சொல்லத்தான் வந்தனான் அண்ணை.”

வாங்கில் இருந்தாள். அவர் தேநீர் போட உள்ளே போகவில்லை. பக்கத்தில், ஓர் ஆள் இருக்கக்கூடிய இடைவெளி விட்டு அவரும் இருந்தார்.

கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைக் கோயில் சனங்கள் படித்துவிட்டார்களாம். பீடத்துணியை ஒரு பெண் தெருவழியே சுமந்துகொண்டு போய்த் துவைப்பதா என்று வெட்கப்பட்டு, ஆளாளுக்குப் போட்டு, நத்தார்ப் பூசைக்கு முன்பே ஒரு மெஷின் வாங்கிவிட்டார்களாம். சுடுதண்ணீர், புதுக்குழாய், முதல் தண்ணீர் நேரே மண்ணுக்குப் போகிற மாதிரி ஒரு தொட்டிகூட.

“பங்குச் சுவாமிக்கு வலு சந்தோஷம். எனக்கு நன்றி எண்டு பூசையிலயும் சொன்னவர்.” அவள் விரல்களைப் பின்னிக்கொண்டாள். “எல்லாம் நான் அண்டைக்கு வாயைத் திறந்ததால வந்தது.”

“நல்லதுதானே,” என்றார் ஆனந்தராஜா.

ஒரு ட்ரையர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாருடையதோ ஜீன்ஸ் பொத்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்று தட்டியது. வேறு ஆள் இல்லை.

“நான் ஒண்டு சொல்லவோ?” என்றார். குரல் அவருடையது போல இல்லை. “இந்தக் கடையை நான் வைச்சிருக்கிறது, நீங்கள் வாறதுக்காகத்தான்.”

“தெரியும்,” என்றாள்.

அவ்வளவு சுலபமாக அவள் அதைச் சொன்னபோது அவர் திரும்பி ட்ரையரைப் பார்த்துக்கொண்டார்.

“போன வருஷம், சமாதானம் எண்டபடியால நான் ஊருக்குப் போனது ஞாபகமோ? பேசாலையில வீடு வீடா விசாரிச்சனான். ஒராள் சொல்லுது, படகு கவிண்டதாம். ஒராள் சொல்லுது, இல்லை, பிடிச்சுக்கொண்டு போனவங்களாம். இன்னொரு மனிசி தமிழ்நாட்டு முகாமில கண்டதாம், தாடி வைச்சிருந்தவராம். எதைப் பிடிச்சுக்கொண்டு நான் அழுறது?”

அவள் சால்வை நுனியைச் சுருட்டிக்கொண்டு தொடர்ந்தாள்.

“நவம்பர் மாதம் எங்களுக்குச் செத்தவையின்ர மாதம். பூசையில பேர் வாசிப்பினம். ஒவ்வொரு வருஷமும் சுவாமி கேக்கிறவர், என்ர மனிசன்ர பேரையும் சேர்க்கவோ எண்டு. நான் தலையாட்டினதில்லை. இந்த வருஷம் ஓம் எண்டு வாய்வரைக்கும் வந்தது.” அவள் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. “ஏன் வந்தது எண்டு எனக்குத் தெரியும். அதாலதான் சொல்லேல்லை. என்ர ஆசைக்காக ஒரு மனிசனைச் சாகடிக்க ஏலாது.”

ஆனந்தராஜா தன் கைகளைப் பார்த்தார். கேட்க எத்தனையோ இருந்தது. கெஞ்சினால்கூட அவள் கோபப்பட மாட்டாள் என்றும் தோன்றியது. ஒரு பெயர், அதை அவள் ஒரு நவம்பரில் சொல்லிவிட்டால் போதும்.

“சொல்லாதேங்கோ,” என்றார். “எனக்காக அதைச் சொல்ல வேண்டாம்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையசைத்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் வழியவில்லை. வெளியே 183ஆம் பஸ் வந்து நின்றது. அவளுடைய பஸ். ஆட்கள் ஏறினார்கள், கதவு மூடியது, போய்விட்டது. அவள் எழும்பவில்லை. இரண்டு பேரும் எதிரே இருந்த வெறும் மெஷின்களின் வட்டக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அடுத்த பஸ் வந்தபோது எழும்பிச் சால்வையைச் சுற்றினாள்.

“போயிட்டு வாறன்,” என்றாள்.

“ஓம்.”

பஸ் மறைந்ததும் இராசரத்தினம் மெல்ல உள்ளே வந்தார். கையில் சிகரெட் இருந்தது, பற்றவைத்திருக்கவில்லை.

“என்னவாம்?”

“கோயிலில மெஷின் வாங்கிட்டினமாம்.”

“அட கடவுளே. அப்ப இனி?”

“பத்து வருஷத்துக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறன், ரத்தினண்ணை.”

இராசரத்தினம் கேலி செய்ய வாயெடுத்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ட்ரையர் சுற்றி முடித்து நின்றது. ஜீன்ஸுக்குரியவர் இன்னும் வரவில்லை. ஆனந்தராஜா எழும்பிப் போய் உடுப்புகளை வாரி மேசையில் போட்டு, சூடு ஆறுமுன் ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார்.